செவ்வாய் ஹாக்கி, வியாழன் ஓட்டம்

எங்கள் கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு திடல். நடுவில் ஹாக்கி, அதைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்ட ஓட்டப் பாதை. இரண்டுக்கும் பயிற்சி செவ்வாயும் வியாழனும், மாலை நான்கு மணிக்கு. வேறு நாளே கிடைக்கவில்லையா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். திங்களும் புதனும் காற்பந்துக்காரர்களுக்காம். வெள்ளிக்கிழமை யாருக்கும் கிடையாதாம், புல் ஓய்வெடுக்க வேண்டுமாம். புல்லுக்குக் காட்டிய கரிசனத்தில் கொஞ்சம் எனக்கும் காட்டியிருக்கலாம்.

நான் ஹாக்கியில் முன்வரிசை ஆட்டக்காரன். நானூறு மீட்டர் ஓட்டத்திலும் கல்லூரிக்காக ஓடியவன். எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில், இப்படி இரண்டு விளையாட்டிலும் கல்லூரிக்கு ஆடுகிறவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் கல்லூரியில் அப்படிப்பட்டவனை இரண்டு பக்கமும் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

ஹாக்கிக்குப் பொறுப்பு ஒரு சீக்கிய ஆசிரியர். தோட்டத்து ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் வளர்ந்தவர், தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். ஓட்டத்துக்குப் பொறுப்பு ஒரு தமிழ் ஆசிரியர். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், அந்தச் சுண்ணாம்புக் கோடு. பாதையின் வளைவு ஹாக்கித் திடலின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது என்பார் ஹாக்கி சார். மூலைதான் வளைவுக்குள் நுழைந்துவிட்டது என்பார் ஓட்ட சார். நான் சேருவதற்கு முன்பே தொடங்கிய சண்டை அது, படித்த இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு முழ நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள்.

முதல் மாதம் இரண்டு பேரும் என்னை ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். பாதையில் ஓடிக்கொண்டிருப்பேன். நடுவிலிருந்து ஹாக்கி சார் கத்துவார்: “டேய், இங்க வா, ஒரு பெனால்டி கார்னர் அடிச்சிட்டுப் போ!” நான் பாதையை விட்டு இறங்கி, யாருடைய மட்டையையாவது வாங்கி அடித்துவிட்டுத் திரும்பவும் ஓடுவேன். ஓட்ட சார் கையிலிருந்த கடிகாரத்தை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கடைசியில் நானே இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய் ஓர் ஏற்பாடு செய்தேன். செவ்வாய் ஹாக்கி, வியாழன் ஓட்டம். இருவரும் தலையாட்டினார்கள். அதை யாரும் ஒரு தாளில் எழுதி வைக்கவில்லை. எழுதி வாங்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அந்த முட்டாள்தனத்துக்கு நான் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

எனக்கு அந்த விளையாட்டால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஈப்போவின் ஓரத்தில், சிலிபினில் ஒரு பலகை வீட்டின் பின் அறைக்கு வந்து சேர்ந்தோம். அப்பா மரக்கடையில் பலகை தூக்கினார், அம்மா ஒரு பள்ளியில் கூட்டிப் பெருக்கினார். அப்போது ஈப்போவில் ஓர் அரசாங்க இலாகா தன் ஹாக்கி அணிக்காக ஆண்டுதோறும் இரண்டு மூன்று பையன்களை வேலைக்கு எடுக்கும். ஆறு மாதம் பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம். வேலைக்குச் சேர்ந்ததுமே குடும்பத்தோடு தங்க குவாட்டர்ஸ் உண்டு. கல்லூரி அணியில் ஆடியதற்குச் சான்றிதழ் மட்டும் வேண்டும். அந்தக் குவாட்டர்ஸை அம்மா வெளியிலிருந்து ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டே வந்துவிட்டார். தனிக் குழாய் இருக்கிறதாம்.

சான்றிதழ் கிடைக்காது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. அந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டி தைப்பிங்கில். காலையில் நானூறு மீட்டர் ஓடி முதலாவதாக வந்தேன். பஸ்ஸுக்குப் பின்னால் நின்று ஆணிக் காலணியைக் கழற்றி, ஹாக்கிக் காலணியை மாட்டிக்கொண்டு மாலை இறுதியாட்டத்துக்கு ஓடினேன். மழைக்குப் பேர்போன தைப்பிங் ஆயிற்றே, இரண்டாம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. பந்து தண்ணீரில் நின்று நின்று வந்தது. வெற்றி கோலை அடித்தவன் நான். தொடை இரண்டும் மரத்துப்போய், அடித்த பிறகு கையைக்கூடத் தூக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸின் முன் இருக்கைகளில் இரண்டு சார்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கோப்பை மடியில். இவர் இந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அவர் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. இறங்கும்போது ஹாக்கி சார் என் தோளைத் தட்டி, “காலையில ஓடாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு கோல் போட்டிருப்ப” என்றார். ஓட்ட சார், “அந்த மட்டைய விட்டாத்தான் நீ உருப்படுவ” என்றார். இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவனுக்குக் கிடைத்த பாராட்டு இவ்வளவுதான்.

ஆண்டுக் கடைசியில் சான்றிதழ் பட்டியலை அலுவலகத்துக்கு வெளியே ஒட்டினார்கள். ஹாக்கியில் என் பெயர் இல்லை. ஓட்டத்திலும் இல்லை. எங்கள் தெருவிலேயே இருந்த என் நண்பன் பெயர் ஹாக்கியில் முதலாவதாக இருந்தது. அவன் ஆண்டு முழுவதும் மாற்று ஆட்டக்காரனாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். பயிற்சி முடிந்ததும் குடிக்கக் கொடுக்கும் மைலோவுக்காக ஒரு நாள் தவறாமல் வந்தவன்.

அலுவலகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் வேலை பார்த்த அக்காவிடம் போனேன். அவர் இரண்டு வருகைப் புத்தகங்களையும் எடுத்து வைத்தார்.

“முக்கால்வாசி நாள் வந்திருந்தாத்தான் சிஜில், சான்றிதழ் கொடுப்பாங்க தம்பி. இதுல பாதி, அதுல பாதி. ரெண்டுலயும் பத்தலலா.”

“ரெண்டு பாதியையும் சேர்த்தா முழுசுதானே அக்கா? ஒரு நாள்கூட நான் வீட்டுல இல்லையே. அந்தத் திடல்ல, பாடாங்குலதானே இருந்தேன்?”

“எனக்குத் தெரியும், ஜன்னல் வழியா நெதம் பாக்குறேன்ல. ஆனா இது என்ன தோசையா, ரெண்டையும் சேர்த்து ஒட்ட? சார்ங்க கிட்டப் போயி திருத்திக்கிட்டு வா.”

ஹாக்கி சாரிடம் போனேன். “வியாழக்கிழமைக்கு நான் டிக் போட்டா, அந்தாளு உன்னக் கூட்டிக்கிட்டுப் போனதுக்கு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவர முதல்ல போடச் சொல்லு” என்றார்.

ஓட்ட சாரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செவ்வாக்கிழம நீ என் பக்கம் இல்ல. இருந்தன்னு எழுதுனா அது பொய். நான் பொய் எழுதுறதில்ல” என்றார். ‘அந்த ஏற்பாட்டுக்கு நீங்கள் தலையாட்டினீர்களே சார்’ என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல்வரிடமும் போனேன். ஆசிரியர்கள் திருத்தினால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவர் அன்பாகச் சொல்லிக் கதவு வரை வந்து வழியனுப்பினார். அப்படி அன்பாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

ஒரு சான்றிதழ் மட்டும் எனக்கு வந்தது. கல்லூரியில் சேர்ந்த அன்று ஏதாவது ஒரு கழகத்தில் சேர வேண்டும் என்றதால் சதுரங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அது இரண்டு தடவைகூடக் கூடவில்லை. ஆனால் அதற்குப் பொறுப்பான ஆசிரியர் நல்ல மனிதர், எல்லாருக்கும் முழு வருகை போட்டுவிட்டார். குதிரை எப்படி நகரும் என்று எனக்கு அப்போது தெரியாது, இப்போதும் தெரியாது.

அந்தச் சான்றிதழோடுதான் நேர்முகத்துக்குப் போனேன். வீட்டில் அம்மா என் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய் அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சத்தூரா, சதுரங்கமா? நாங்கள் எடுப்பது ஹாக்கிக்கு” என்றார் மலாயில்.

தைப்பிங் இறுதியாட்டத்தைச் சொன்னேன். மழையில் அடித்த கோலைச் சொன்னேன். ஹாக்கி சாரின் கையெழுத்தில் ஒரு கடிதமும் வைத்திருந்தேன், அதை மட்டும் அவர் தாராளமாக எழுதிக் கொடுத்திருந்தார். கடிதம் எல்லாரும்தான் கொண்டு வருகிறார்கள், சான்றிதழ் எங்கே என்றார் அதிகாரி. வெளியே வந்தபோது வரிசையில் அடுத்து உட்கார்ந்திருந்தவன் என் நண்பன். அவனுக்கு வேலை கிடைத்தது.

அவன்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். அவன் கெட்டவன் இல்லை, என் வாய்க்கு முன்னால் இருந்ததைத் தட்டிப் பறிக்கவும் இல்லை. வரச் சொன்ன நாளில் வந்தான், அவ்வளவுதான். ஆனாலும் அவன் அம்மா குவாட்டர்ஸுக்குக் குடிபோக லாரியில் சாமான் ஏற்றிய அன்று, நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டேன். என் அம்மா போய்ச் சட்டிபானை தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து எனக்குச் சோறு போட்டார். ஏதாவது கேட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கைந்து மாதம் கழித்து அவன் கடைக்கு வந்தான். லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

“மச்சான், மாட்டிக்கிட்டேன்லா. இத்தன நாளா கால் வலி, காய்ச்சல்னு சொல்லிச் சமாளிச்சேன். ஆபீஸ் பெரியவரு ‘இவன் உண்மையிலேயே காலேஜுல ஆடுனவன்தானா’ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாரு. சனிக்கிழம லூமுட்ல மேட்ச். அதுல ஆடலன்னா நிரந்தரம் இல்ல, வீட்டுக்குப் போன்னுருவாங்க.”

“அதுக்கு?”

“அங்க நம்ம மூஞ்சி யாருக்கும் தெரியாது. பெரியவரும் வர மாட்டாரு, ஸ்கோர் ஷீட்ட மட்டுந்தான் பாப்பாரு. கேப்டன்கிட்டப் பேசிட்டேன், ஜெயிச்சாப் போதும்ங்கிறாரு. என் பேர்ல நீ ஆடுறியா?”

சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணெய் டப்பாவில் போட்டேன். ‘வீட்டுக்குப் போகட்டும். அப்போது ஓர் இடம் காலியாகும்’ என்றுதான் நினைத்தேன். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சான்றிதழ் இல்லாத எனக்கு அந்த இடம் வரப்போவதில்லை என்பதும் தெரியும், ஆனாலும் நினைத்தேன். பிறகு அவன் அம்மாவும் அந்தத் தனிக் குழாயும் ஞாபகத்துக்கு வந்தன. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். “எத்தன மணிக்குப் போகணும்?” என்று கேட்டது என் வாய்தான்.

லூமுட் திடல் காய்ந்து மணலாகக் கிடந்தது. கடல் காற்று பந்தை ஒரு பக்கமாகத் தள்ளியது. மாதக்கணக்கில் மட்டையைத் தொடாத கைக்குப் பத்து நிமிடத்தில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. யாரும் என்னைப் பாதைக்குக் கூப்பிடவில்லை, யாரும் என்னை நடுவுக்கு இழுக்கவில்லை. இரண்டு கோல் அடித்தேன். தாளில் அவன் பெயருக்கு நேராக இரண்டு என்று எழுதினார்கள். அவன் கோட்டுக்கு வெளியே நின்று, தன் பெயரைச் சொல்லியே என்னைக் கூப்பிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் அவனை நிரந்தரமாக்கினார்கள். ஒரு டின் பிஸ்கட்டோடு வீட்டுக்கு வந்து சொன்னான். அம்மா அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார், நல்லா இரு ஐயா என்றார்.

லூமுட்டில் அன்று சும்மா ஓடிக்கொண்டு மட்டும் இருந்திருக்கலாம். இரண்டு தடவை பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்திருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. பந்து என் மட்டைக்கு வந்தபோது அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. சந்தோஷமாக இருந்தேன். எல்லாவற்றையும்விட அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.