பெரட்டுக்களத்தில் வாங்கிய அடி

தாய் தகப்பன் இல்லாத இரண்டு சகோதரிகளைப் பற்றிப் படம் எடுக்கிறோம், தேயிலைத் தோட்டத்துப் பேச்சைத் திருத்தித் தர வேண்டும் என்று ஓர் இயக்குநர், கண்டியில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கே தேடி வந்தார். ஆள் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர்தான். ஆனால் கதையை வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தகப்பனும் செத்த பிறகு மூத்தவள் தாயின் படத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாளாம். தோட்டத்தை நடத்தும் துரையின் மனைவி மனமிரங்கி, அவர்கள் குடியிருந்த லயக் காம்பராவை அவர்களுக்கே விட்டுவிடுகிறாளாம்.

"யாரு சார் அப்படி விட்டாங்க?" என்று கேட்டேன்.

நானும் அக்காவும் அப்படி நின்றவர்கள்தான், ஹந்தானையில். தோட்ட வேலைக்குப் பேர் பதிந்த ஆள் ஒருவராவது வீட்டில் இருந்தால்தான் காம்பரா நம்முடையது. அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் காலை, பதினேழு வயது அக்கா அம்மா கொழுந்து பறிக்கக் கட்டும் சாக்குப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனாள். பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற இடம் அது. அங்கே தன் பேரைப் பதிந்தாள். அவளுடைய பள்ளிக்கூடம் அதோடு சரி. இதையெல்லாம் இயக்குநரிடம் சொன்னேன்.

"ஓம் டீச்சர், விளங்குது. ஆனா அழுதாத்தானே சனத்தின்ர மனசில ஒட்டும்?"

"எங்களப் பார்த்து யாராச்சும் இரக்கப்படுறத நிறையப் பார்த்தாச்சு சார். ஒரு தடவையாவது எங்க புள்ள சொந்தக் கால்ல நிக்கட்டும். இல்லாட்டி வேற டீச்சரப் பாருங்க."

மனுஷன் சிரித்துவிட்டார். "அப்ப நீங்களே எழுதித் தாங்கோ."

எழுதிக் கொடுத்தேன். தங்கை கம்பளிக்குள் தூங்குகிறாள், அக்கா சத்தமில்லாமல் பெரட்டுக்குப் போகிறாள். அழகாகத்தான் இருந்தது.

படப்பிடிப்பன்று அக்காவைக் கூட்டிப் போனேன். இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறவள். மூத்தவளாக நடிக்கும் கொழும்புப் பெண்ணுக்கு முகம், கழுத்து, கையெல்லாம் கறுப்பு மை பூசியிருந்தார்கள். அக்கா கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"நல்ல புள்ளைக்கு ஏன் இப்படி அப்பி வச்சிருக்கீங்க? கறுப்பாத்தான் வேணும்னா எங்க லயத்துல புள்ளைங்களா இல்ல?"

இயக்குநர் தலையைச் சொறிந்தார். அந்தப் பெண்ணே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பெரட்டில் நிற்க லயத்துப் பெண்களையே கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, நானே படத்தை எடுக்கிற மாதிரி நடந்து திரிந்தேன். அந்தக் குஷியில் நான் எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நீயா தூங்கிக்கிட்டு இருந்த?" என்றாள். "நான் அடிச்சது எங்கடி?"

மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு நான் தூங்கவில்லை. வெள்ளை யூனிபோமோடு அவள் பின்னாலேயே ஓடிப் போய், எல்லாருக்கும் முன்னால் கணக்கப்பிள்ளையிடம் "எம் பேரையும் பதிங்க" என்றேன். அக்கா திரும்பிக் கன்னத்தில் ஒன்று விட்டாள். கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பள்ளிக்கூடப் பாதையில் தள்ளினாள்.

அதை நான் மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டேன். பார்க்கிறவர்கள் அக்காவை முரடு என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். அவர்கள் கறுப்பு பூசினார்கள் என்று துள்ளிய நான், என் அக்காவுக்கே வெள்ளையடித்து வைத்திருந்தேன்.

"அவங்க உன்னயத் தப்பா நெனச்சிருவாங்கக்கா."

"நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க. அன்னைக்கு அடிக்காட்டி நீயும் எங்கூட மலையிலதான் நின்னிருப்ப. அத எடுத்துட்டா நான் வேற என்னத்தடி செஞ்சேன்? எழுது."

அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து எழுதினேன். இயக்குநர் வாசித்துவிட்டு, "எடுப்பம்" என்றார்.

படம் கண்டிக்கு வந்தபோது அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். அந்த அடி விழுந்ததும் மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அக்கா மட்டும் உரக்கச் சொன்னாள்: "இது போதாது. நான் இன்னும் பலமா அடிச்சேன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அன்னைக்கு நீ அழவே இல்லையேக்கா," என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதேன்டி. நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டியான்னு பார்த்துட்டு, மலை ஏறினதுக்கப்புறம்."