பேர் சொல்லாப் பிள்ளை

விளக்கெண்ணெய் விளக்கில் வசம்பைச் சுடும்போது எழுகிற வாசனையில் கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் காரம், கொஞ்சம் கருகல் இருக்கும் என்று மருத்துவக் குறிப்பு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அது பயத்தின் வாசனை. அவனியாபுரத்தில் எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்த நாட்களிலெல்லாம் அந்தப் புகை சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் வசம்பை யாரும் வசம்பு என்று சொல்லமாட்டார்கள். "பேர் சொல்லாதது ஒரு துண்டு வாங்கிட்டு வா" என்று அம்மா என்னைக் கடைக்கு அனுப்புவாள்; கடைக்காரரும் பெயரைக் கேட்காமல், பெயரைச் சொல்லாமல், காகிதத்தில் மடித்து நீட்டுவார். பெயரைச் சொன்னால் மருந்தின் வீரியம் போய்விடுமாம். பெயர் என்பது ஆபத்தான சங்கதி என்று நான் கற்றுக்கொண்டது அந்தக் கடை வாசலில்தான். ஐம்பதைத் தாண்டி, பத்திரிகைகளில் கேலிக் கட்டுரை எழுதிப் பிழைக்கிற இன்றைக்கும், படித்த மற்றதெல்லாம் மறந்தாலும் அந்தப் பாடம் மறக்கவில்லை.

எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டாமல் போய்விட்டன. முதலில் தம்பி. அப்பா அவனுக்கு ராஜராஜன் என்று வைத்தார். "இம்புட்டுப் பெரிய பேர வச்சா எமன் கண்ணுல படாமலா இருக்கும்?" என்று அத்தை பிறகு தீர்ப்புச் சொன்னாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, எங்களுக்கு இரண்டு வாசல் தள்ளிக் குடியிருந்தவள். எமனுடைய விருப்பு வெறுப்புகளில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அடுத்துப் பிறந்தது பெண். அதற்கு அத்தையே முன்னின்று எல்லாம் செய்தாள். குப்பைமேட்டில் கிடத்திப் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டுக்கு அவளிடமிருந்தே திருப்பி வாங்கி, குப்பம்மா என்று பெயர் வைத்தார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏய்க்கிற ஏற்பாடு. எமன் ஏமாறவில்லை. என்னை மட்டும் ஏன் விட்டுவைத்தான் என்றால், எனக்குச் செல்வி என்று பெயர். எங்கள் தெருவில் மட்டும் நாலு செல்விகள் இருந்தோம். எந்தச் செல்வி என்று குழம்பித் திரும்பியிருப்பான் என்பது என் சொந்தக் கணிப்பு.

எனக்கு ஒன்பது வயதானபோது மறுபடியும் ஒரு தங்கை பிறந்தாள். அம்மா அவளைக் கொஞ்சவில்லை. கொஞ்சுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே பால் கொடுத்தாள். பெயரும் வைக்கவில்லை. "அது", "இது", "அந்தா கெடக்கு" என்றே பேச்சு ஓடியது. குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி என்று கையிருப்பில் இருந்த பெயர்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, அத்தை ஒரு நாள் அப்பாவிடம் சொன்னாள்:

"இதெல்லாம் அவனுக்கு மனப்பாடம் ஆயிருச்சுண்ணே. இனிமே அவன் காதுலயே விழுந்திருக்காத பேராப் பாருங்க."

அப்பா வாடகைக்கார் ஓட்டினார். விமானத்தில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களை அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு கோயிலையும் அரண்மனையையும் காட்டிவிட்டு வருவது தொழில். அந்தச் சமயம் அமெரிக்காவிலிருந்து வயதான ஓர் அம்மாள் தனியாக வந்து, ஒரு வாரம்போல் அவருடைய காரில் சுற்றினார். ஓட்டை ஆங்கிலத்தில் அப்பா தன் கவலையை அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் சிரிக்கவில்லையாம். தன்னுடைய சொந்தப் பெயர் 'ஆல்ட்டெ' என்றும், தங்கள் மொழியில் அதற்குக் கிழவி என்று அர்த்தம் என்றும் சொன்னாராம். அண்ணனும் அக்காளும் செத்த வீட்டில் பிறந்ததால், பிள்ளையைத் தேடி வருகிற சாவு, இங்கே ஒரு கிழவிதானே இருக்கிறாள் என்று திரும்பிப் போகட்டும் என்று வைத்த பெயராம். பிறந்த வாரமே கிழவி.

"நம்மளை மாதிரியேதான் இருக்காக" என்றார் அப்பா வீட்டுக்கு வந்து, எழுமலைப் பக்கத்தில் புதுச் சொந்தம் கண்டுபிடித்தவர் மாதிரி.

மறுநாள் அந்த அம்மாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளையைப் பார்த்தார், தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டார். அவருடைய பெரியம்மா ஒருவர் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தாராம். கப்பலேறி அமெரிக்கா போய் இறங்கியபோது அந்தப் பெரியம்மாவின் பெயரைத் துறைமுகத்தில் எந்த அதிகாரியாலும் எழுத முடியவில்லையாம். அவர்கள் வழக்கப்படி இறந்துபோனவர்களின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். வைக்க அந்த அம்மாளுக்குப் பிள்ளையில்லை. வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பெயர்: ஷ்ப்ரின்ட்ஸெ.

வாசகர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். இரண்டு மெய்யெழுத்துகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சொல் வந்தால், நம் இலக்கணம் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். அப்பா முயன்று பார்த்துத் தும்மினார். அத்தை "சிப்புரிஞ்சி" என்றாள்; அடுத்தமுறை "இஸ்பிரிங்கு" என்றாள்; அவளுக்குத் திருப்தியாகிவிட்டது. "இதுதாண்ணே பேரு. வாயில வந்தாத்தானே கூப்பிடுவான்?" எமனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்பது எங்கள் வீட்டின் அசைக்க முடியாத முடிவு. பெயருக்கு நம்பிக்கை என்று அர்த்தம் சொன்னார் அந்த அம்மாள். அப்பா மொழிபெயர்க்க வாயெடுத்ததுமே அத்தை தடுத்துவிட்டாள். "அர்த்தத்த வெளிய சொல்லாதீக. நல்ல அர்த்தம்னு தெரிஞ்சா அவனுக்குப் பிடிச்சுப்போகும்."

வினை என் வாயில் இருந்தது. நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள், எதையும் ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்கிறவள், அதைக் காட்டிக்கொள்ளவும் தவறாதவள். அந்த அம்மாள் சொன்னதும், "ஷ்ப்ரின்ட்ஸெ" என்று அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டேன். அவர் கைதட்டினார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் போனபிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, என் தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சரியாச் சொல்லிப்புடாத தாயி. எல்லாரும் தப்பாச் சொல்லுவோம். நீயும் தப்பாவே சொல்லு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் ஒரு வெடிகுண்டு. சரியான உச்சரிப்பு என் நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது. தும்மினால் வந்துவிடுமோ, தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று தாவணித் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு படுத்தேன். வகுப்பில் ஆசிரியை "ஸ்பிரிங்" என்று ஒரு சொல் சொன்னாலே வாயைப் பொத்திக்கொள்வேன். மற்றவர்கள் கவலையில்லாமல் பிள்ளையை இஸ்பிரிங்கு, இஸ்பிரிங்கம்மா, பிரிஞ்சி என்று விளித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் தங்கையை 'ஏய்' என்று கூப்பிட்டேன்.

மூன்றாம் மாதம் வந்தது. ஆடிக்காற்றில் தெருப்புழுதியெல்லாம் வீட்டுக்குள் இருந்தது. ஒரு காலையில் பிள்ளையின் உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது, பால் குடிக்கவில்லை, அழவும் இல்லை, முனகியது. தம்பியும் குப்பம்மாவும் இப்படித்தான் தொடங்கினார்கள் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. அப்பா கொடைக்கானலுக்குச் சவாரி போயிருந்தார். அம்மாவும் அத்தையும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு குழந்தை டாக்டரிடம் ஓடினோம். ஏதாவது ஆங்கிலத்தில் கேட்டால் பதில் சொல்வதற்காக என்னையும் அழைத்துப்போனார்கள். பெஞ்சு முழுக்க ஆட்கள். முதல்முறை காட்டியபோது அப்பா கொடுத்திருந்த பழைய சீட்டை அத்தை கம்பவுண்டரிடம் நீட்டினாள். அந்த அமெரிக்க அம்மாள் கைப்பட எழுதிக்கொடுத்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்து அப்பா எழுதிய பெயர் அதில் இருந்தது.

கம்பவுண்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முருகன் போனான், பாத்திமா போனாள். எங்கள் சீட்டைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "எஸ்... ஹெச்... பி..." என்று முனகிப் பார்த்துவிட்டு அடியில் செருகினார். அடுத்த ஆள் போனார். மறுபடியும் எங்கள் சீட்டு மேலே வந்தது, மறுபடியும் அடியில் போனது. பிள்ளையின் முனகல் நின்றுபோயிருந்தது. அத்தை எழுந்து போனாள்.

"எங்க பிள்ளயக் கூப்பிடுங்கய்யா. இஸ்பிரிங்கு."

"அப்படி ஒரு பேரும் இல்லம்மா."

"இந்தா இருக்கே, இதுதான்."

"இதா? இது வேற என்னமோ. பேர ஒழுங்காச் சொல்லுங்க. பிள்ளை மாறிப்போனா நானா பதில் சொல்றது?"

எமன் நுழையக்கூடாது என்று நாங்கள் பூட்டிய கதவில் டாக்டரும் நுழைய முடியவில்லை. அம்மா மடியில் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சொல்லு செல்வி."

நான் நகரவில்லை. "சரியாவா?" என்று கேட்டேன்.

"சரியா."

கம்பவுண்டரின் பக்கத்தில் போய், எக்கி, வேறு யார் காதிலும் விழாதபடி அவர் காதுக்குள் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். "சத்தமாச் சொல்லு பாப்பா. இந்தக் காது கேக்காது."

வாழ்க்கையில் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அவ்வளவு பெரிய சபை எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஷ்ப்ரின்ட்ஸெ" என்று கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நிழல் ஏதாவது விழுகிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கம்பவுண்டர், "ஆங், அதான். வாங்க" என்றார்.

ஊசி போட்டார்கள், பக்கத்து அறையில் கட்டில் கொடுத்து பாட்டில் ஏற்றினார்கள். அந்தக் கட்டிலுக்கு அடியில் நான் உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு என்று தெரியாது. பிள்ளை செத்தால் எமனிடம் நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன் என்பது மட்டும் தெரியும். அத்தை எங்கிருந்தோ வேப்பெண்ணெய் வாங்கிவந்து, சொன்ன சொல் நாக்கில் தங்கக்கூடாது என்று என் நாக்கில் தடவினாள். குமட்டிக்கொண்டே முழுங்கினேன். பொழுது சாய்கிற நேரத்தில் மேலேயிருந்து ஓர் அழுகை கேட்டது. பசித்த, கோபமான, நல்ல கெட்டி அழுகை. அம்மா முதல்முறையாக அவளை முகத்துக்கு நேராகத் தூக்கி, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று முத்தமிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெயரை நான் சரியாகச் சொன்னதில்லை. கல்லூரி நூலகத்தில்தான் அது எந்த மொழி என்று தேடினேன். இத்திஷ். ஐரோப்பாவின் யூதர்கள் வீட்டில் பேசியது. இன்னும் நாலு புத்தகம் படித்தபோது, இரண்டாம் உலகப் போரில் அந்த மொழி பேசியவர்களைப் பிள்ளைகுட்டிகளோடு ரயிலேற்றிக் கொண்டுபோய்க் கொன்றது தெரிந்தது. அவர்களில் எத்தனை ஷ்ப்ரின்ட்ஸெக்கள் இருந்திருப்பார்கள், எத்தனை ஆல்ட்டெக்கள் இருந்திருப்பார்கள். எமனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று நாங்கள் நினைத்தோம். அந்த மொழி அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருந்திருக்கிறது. ஒளிந்துகொள்ள நாங்கள் போய்ப் பிடித்த இடம் எது என்று தெரிந்த அன்று நூலகத்திலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் சாகும்வரை அது உலகத்திலேயே பத்திரமான பெயர்.

தங்கை இப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள்; மாணவர்களுக்கு ஸ்பிரிங் மேடம். போன மாதம் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, முடிவு கேட்க இருவரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குளிரூட்டிய கூடம், கூப்பிட கம்பவுண்டர் இல்லை, சுவரில் ஒரு திரையும் ஒரு பெண்குரலும். அந்த இயந்திரத்துக்கு எந்த ஊர்ப் பெயரும் ஒன்றுதான் போலிருக்கிறது. தங்கையின் முறை வந்தபோது அது நிதானமாக, அட்சரம் பிசகாமல், "ஷ்ப்ரின்ட்ஸெ" என்றது.

அவள் எழுந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"உக்காரு. உன்னையில்ல."

"என் பேருதானக்கா."

"உன் பேரு இஸ்பிரிங்கு."

சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். குரல் மறுபடியும் கூப்பிட்டது. அத்தை இல்லை, அம்மா இல்லை, பெயரைத் தப்பாகச் சொல்ல ஊரில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. குப்பை, பிச்சை என்று அவனியாபுரத்தில் இன்று ஒரு பிள்ளையும் கிடையாது. வசம்பை வளையலாகக் கோத்து, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் வசம்பு என்றே அச்சடித்து விற்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். குரல் இன்னொருமுறை கூப்பிட்டு அலுத்தபிறகு, உள்ளேயிருந்து ஒரு சின்ன நர்ஸ் பெண் ஓடிவந்து, "சிப்... சிபிரிஞ்சு... மேடம் யாருங்க?" என்றாள்.

"நாங்கதாம்மா" என்று எழுந்தேன்.

கட்டி கெட்டதில்லை என்று டாக்டர் சொன்னார். வெளியே வரும்போது தங்கை, வாத்தியார் புத்தி, அந்த நர்ஸ் பெண்ணை நிறுத்தி, "என் பேர எப்படிச் சொல்லணும்னா..." என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

"சொல்லிக் குடுத்துறாத தாயி."