அம்மாவின் பல் செட்டு

சொந்தப் பல்லை வைத்துக் காப்பாற்றுவது செலவா, கட்டிக்கொள்கிற பல் செலவா என்று இன்றைக்கும் யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைக் கேளுங்கள். என் அம்மாவின் வாயைப் பார்த்தவள் நான்.

சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம். காஜா பெராங்கில் எங்களுடையது அத்தாப்பு ஓலைக் கூரை வீடு. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று வலித்துக் கன்னம் வீங்கிவிட்டது. கிராம்புக்கெல்லாம் அடங்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் அந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டு, மற்றதெல்லாம் நல்ல பல், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார்.

அந்த அவ்வப்போதுதான் அம்மாவுக்கு ஆகவில்லை. போகும்போதெல்லாம் அப்பா அரைநாள் வேலையை விட வேண்டும்.

"ஒழுகுற எடத்துல எல்லாம் ஒட்டுப் போட்டுக்கிட்டா இருக்கோம்? அத்தாப்ப மொத்தமாப் பிரிச்சு மாத்துறோம்ல? அது மாதிரிதான் பல்லும்" என்றாள்.

டவுனில் பல் கட்டும் சீனர் கடை ஒன்று இருந்தது. ஒரு தடவை கட்டினால் சாகும்வரை கவலையில்லை என்று அவர் மலாயில் சொன்னார். அம்மா அதைத்தான் கேட்கக் காத்திருந்தாள்.

"நல்ல பல்லும்மா, வேணாம்மா" என்று நான் அழுதேன்.

"நாளைக்கு வயசானா ஒன்னையத்தானே ஆஸ்பத்திரிக்கு அலைய விடுவேன்? சும்மா இருடி."

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் பிடுங்கி, ஈறு ஆறி, செட்டு வந்தது. சுதந்திர தினத்தன்று அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சிரித்தாள். பாவி, அழகாகத்தான் இருந்தாள்.

பல் போன ஈறு வருஷத்துக்கு வருஷம் தேயும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஈறு தேய்ந்தது, செட்டு அப்படியே இருந்தது. முதலில் சாப்பிடும்போது நழுவியது, அப்புறம் பேசும்போது. கடலை போயிற்று, முறுக்கு போயிற்று. சீனர் புதுசு கட்டச் சொன்னார். "இதுக்கு ஒரு தடவ காசு அழுதது போதும்" என்று அம்மா திரும்பி வந்துவிட்டாள். தெருமுனை வரைக்கும் கேட்கும் அவள் சிரிப்பு, வாயைப் பொத்திக்கொள்கிற சிரிப்பாகிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விடாப்பிடி. பொக்கை வாயோடு அவளை யாரும் பார்க்கக்கூடாது. படுக்கும்போது செட்டைக் குவளைத் தண்ணீரில் போட்டுவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொள்வாள். அப்பாகூட அந்த வாயைப் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்து ஆறு வருஷம் கழித்து, மலேசியா உருவான வருஷம், அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். குளிப்பாட்டி முடித்ததும் நான் குவளையை எடுத்தேன். சின்னம்மா தடுத்தாள்.

"வாய்க்கரிசி போடணும்டி. போற நேரத்துல அது எதுக்கு?"

"செட்டு இல்லாம எங்கம்மா மொகத்த ஒருத்தரும் பாக்கக் கூடாது. தள்ளுங்க!"

சண்டை போட்டேன், பிணத்துக்குப் பக்கத்திலேயே. எதிர்வீட்டு அம்மா, மலாய் பேசும் மலாக்காச் செட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னம்மாவிடம், "பியார்லா" என்றார், விட்டுவிடுங்கள் என்று.

செட்டை வைத்தேன். மேல் வரிசை கழன்று நாக்கின் மேல் விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது பொருந்தாமல் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நாக்காலும் கன்னத்தாலும் அம்மாதான் அதை ஓயாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், பேசும்போது, சாப்பிடும்போது, எங்களைத் திட்டும்போதுகூட. ஐயோ அம்மா என்று அலறிவிட்டேன்.

பிறகு செட்டை வைத்து, வாயை மூடி, நாடிக்கட்டை இறுக்கிக் கட்டினேன். முகம் அம்மாவின் முகமாயிற்று. அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

சின்னம்மா போட்ட அரிசி மூடிய உதட்டில் நிற்காமல் கழுத்துப் பக்கம் உருண்டது. "கட்ட அவுத்துறட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம். அவளுக்குப் பிடிக்காது" என்றார். தன் பங்கு அரிசியை உதட்டின் மேல் வைத்து, விழாமல் விரலால் பிடித்துக்கொண்டார்.