பராகுவேக்குப் போன தொம்மலூர் மண்

தொம்மலூர் முனிகிருஷ்ணன் ஒரு வாரமாவது அடிதடி இல்லாமல் இருந்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. முறை தப்பி அவன் மூட்டையில் கை வைத்தவனுக்குப் பல் ஆடும். ஒருமுறை மண்டி மேஸ்திரியையே இடுப்போடு தூக்கி வெங்காயக் குவியலில் எறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் பீடி பற்ற வைத்தான்.

வேலை முடிந்தால் நேரே கரடிமனை. கரடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; குஸ்தி போடும் கூடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். எண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டுப் பிசைந்த செம்மண் அங்கே சாமி மாதிரி. பிடிக்கு முன்னால் ஒரு கை மண்ணை எடுத்து எதிராளி மார்பில் போடுவார்கள். வேர்வை வழுக்காது, உன்னை மதிக்கிறேன் என்றும் அர்த்தம்.

அவனுடைய ஒரே மகள் ருக்கு வாந்திபேதியில் போனாள். இடுகாட்டில் மண் தள்ளிவிட்டு வந்த நாளிலிருந்து முனிகிருஷ்ணன் மிருகமாகிவிட்டான். தோற்றவன் தரையைத் தட்டினாலும் பிடியை விடமாட்டான். நாலு பேர் சேர்ந்து பிரித்தெடுக்க வேண்டும்.

அறுபத்தொன்றாம் வருஷம் காக்ஸ் டவுன் டோரீன் வந்தாள். புருஷன் நடத்திய சர்க்கஸ் கம்பெனியை அவன் செத்த பிறகும் விடாமல் நடத்திய சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. தமிழில் திட்டினால் ஆட்டோக்காரன் கூட ஒதுங்குவான். காசுக்குக் குஸ்தி போட, குஸ்திக்காரர்களைக் கூட்டமாகப் பராகுவேக்கு விமானத்தில் கொண்டுபோகப் போவதாகச் சொன்னாள். அப்படி ஒரு நாடு இருப்பதே தொம்மலூரில் யாருக்குத் தெரியும்? கோலார் சுரங்கத்தை விட்டு வந்த ஜெயவேலு முதலில் பேர் கொடுத்தான், அடுத்தது முனிகிருஷ்ணன்.

புறப்படும்போது மனைவி சின்னத்தாயி அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவனையாவது அடி, எவன்கிட்டயாவது உதை வாங்கு. கைய மட்டும் ஒடச்சிக்கினு வராதே. இந்தக் கைதான் நம்ம அடுப்பு."

பம்பாய், ரோமாபுரி, பிறகு முடிவே இல்லாத கடல். விமானம் குலுங்கியபோதெல்லாம் ஜெயவேலு மாதாவைக் கூப்பிட்டான். முனிகிருஷ்ணன் கரடிமனையில் அள்ளி மடியில் வைத்திருந்த மண் பையை இறுக்கிக் கொண்டான். அத்தனை தூரம் சுமந்துபோய், அசுன்சியோன் ஊரில் இறங்கிப் பார்த்தால் தெருவெல்லாம் நம்மூர் மாதிரியே செம்மண். மனுஷனுக்கு எரிச்சலாக வந்தது.

எதிராளி ரமோன், ஆற்றுத்துறையில் மூட்டை தூக்குகிறவன். கண்கள் வீங்கியிருந்தன. குடிகாரன் என்று நினைத்துக்கொண்டான் முனிகிருஷ்ணன். வழக்கப்படி பையிலிருந்து ஒரு கை மண் எடுத்து, நெற்றியில் தொட்டு, ரமோனின் மார்பில் போட்டான்.

கொட்டகை முழுக்க அடங்கிப் போனது. ரமோன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். அடுத்த நொடி பாய்ந்து முனிகிருஷ்ணனின் காதைக் கடித்தான். பாதிக் காது அவன் வாயோடு போனது. நடுவர் குறுக்கே வந்து முழங்கையால் இடி வாங்கி விழுந்தார். ஜனங்கள் நாற்காலிகளை வீசினார்கள். இது குஸ்தி இல்லை, கொலை என்று முனிகிருஷ்ணனுக்குப் புரிந்தது. சரி, கொலைதான் என்றால் அதற்கும் அவன் தயார். ரமோனின் மூக்கை நெற்றியால் உடைத்து, பின்னால் புகுந்து, கழுத்தைப் பூட்டுப் போட்டான். அந்தப் பூட்டில் இன்னும் கொஞ்சம் திருகினால் கழுத்து முறியும். அவன் திருகத் தொடங்கினான்.

டோரீன் கயிற்றுக்கடியில் நுழைந்து ஓடிவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் அரைகுறை இங்கிலீஷில் சொன்னது அவள் வாயில் திணறித் திணறி வந்தது.

"முனி, விட்ரு. போன வாரம்தான் அவன் புள்ளையப் பொதைச்சிருக்கான். நீ சவத்துக்குப் போடற மாதிரி அவன் மேல மண்ணு போட்ட."

முனிகிருஷ்ணன் பிடியை விட்டான். எந்தக் கரடிமனையிலும் நாலு பேர் இல்லாமல் பிரியாத பிடி, தானாகப் பிரிந்தது. விட்ட கையை ரமோன் பிடித்து, முட்டியில் வைத்து ஒடித்தான். இரண்டு இடத்தில் எலும்பு வெளியே வந்தது. திருப்பி அடிக்க இடது கை சும்மாதான் இருந்தது. அவன் அடிக்கவில்லை. கீழே விழுந்தவனை ரமோன் மிதித்துக்கொண்டே அழுதான்.

ஜெயவேலுதான் அவனைக் கைத்தாங்கலாக ஊருக்குக் கூட்டி வந்தான். கை வளைந்தே கூடிவிட்டது. மூட்டை என்ன, சோற்றுக் கவளம்கூட வாய்க்கு எட்டவில்லை. நடந்ததை ஜெயவேலு சொல்லி முடித்ததும் சின்னத்தாயி கொதித்துப் போனாள். உனக்கு எதற்குய்யா அந்தக் கருணை, யார் வீட்டுச் சாவோ அது, பிடியை ஏன் விட்டாய் என்று அக்கம்பக்கம் கேட்க ஏசினாள்.

"ருக்குவப் பொதைச்சிட்டு வந்த வாரம் எவனாவது எம்மேல மண்ணு போட்டிருந்தா, நான் அவன உசுரோட விட்டிருப்பனா, சின்னத்தாயி?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். தட்டில் சோற்றைப் போட்டு, பிசைந்து, அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"வாயத் தொற," என்றாள்.