மஞ்சள் தடவிய இதயம்

இன்று மதியம் ஆஸ்பத்திரி கேன்டீனில் கூட வேலை பார்க்கிறவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். மஞ்சளும் ஆட்டுக்கறியும் சேர்ந்த வாசனை. அவ்வளவுதான், நான் பாலக்காட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். கையில் பிசைந்த சோறு அப்படியே காய்ந்தது.

அங்கே ஒரு துணி குடோனின் மாடியில், சந்துப் பிள்ளைகளான எங்களுக்குக் காலேஜ் படிக்கிறவர்கள் சிலர் சனிக்கிழமைதோறும் அறிவியல் சொல்லித்தருவார்கள். புத்தகமே கிடையாது. பேட்டரி, பல்பு, சோப்புத்தண்ணி என்று எல்லாம் நாங்களே கையால் செய்யணும், ஒரே ரகளை! எனக்கு மட்டும் பெஞ்சில் தாராளமாக இடம் கிடைக்கும். எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இறைச்சிக் கடை. என்மேல் கறி நாற்றமாம். இனிமேல் போகவே கூடாது என்றிருந்தேன்.

அந்த வாரம் பார்த்து, வகுப்பு நடத்திய சேச்சி கேட்டாள்: “அடுத்த தடவை இதயத்தை அறுத்துப் பார்ப்போம். ஆட்டோட இதயம் யாரு கொண்டு வருவா?” எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு வந்த பெருமையைக் கேட்கணுமே!

அத்தாவிடம், “படிப்புக்கு நல்ல இதயமா ஒண்ணு வேணும்த்தா” என்றேன். முழுசாக வேணும் என்று சொல்லத் தோன்றவில்லை, மண்டு. வகுப்பில் தூக்குவாளியைத் திறந்தால், கழுவி, துண்டு போட்டு, வெயிலில் கெட்டுவிடக் கூடாதே என்று மஞ்சளும் தடவி அனுப்பியிருக்கிறார்!

“அடுப்பு எங்க சேச்சி?” என்றான் ஒருத்தன். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. வாளியை மூடிக்கொண்டு படியிறங்கப் போனேன்.

சேச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க ஓடறே? இதையே சேர்த்து வச்சுப் பார்க்கலாம், வா.”

மற்றவர்களுக்குத் தொடக் கூச்சம். எனக்கென்ன கூச்சம்? எந்தத் துண்டு எதோடு பொருந்தும் என்று நான் அடுக்க அடுக்க, ஒவ்வொருத்தராக நெருங்கி வந்து கைவைத்தார்கள். என்னிடமிருந்து தள்ளித் தள்ளி உட்காருகிறவள் என் தோளிலேயே சாய்ந்துகொண்டு, “ஏய், இங்க பாரு, கதவு மாதிரி இருக்கு!” என்று கத்தினாள். ரத்தம் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு அது. வீட்டுக்குப் போகும்போது எல்லார் விரலும் மஞ்சள்தான்.

அத்தாவிடம் சண்டை பிடித்தேன். “முழுசா குடுத்தா எப்படிம்மா வேகும்?” என்றார் அப்பாவியாக.

இன்று இதய ஸ்கேன் எடுப்பதுதான் என் பிழைப்பு. திரையில் அந்தக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் அந்த மாடியை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். குடோனை இடித்து மொபைல் கடைகள் கட்டிவிட்டார்கள். சேச்சி எந்த ஊரிலோ. அத்தாவும் இல்லை. போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என் ஸ்கேன் மேஜையில்தான் படுத்திருந்தார். திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“முழுசா இருக்காம்மா?”

“முழுசா இருக்குத்தா” என்றேன். பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது.