முறத்துக்குப் பின்னால் விழுந்த பகடை

தனபாக்கியம் இறந்துவிட்டதாக அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. "யார் பேசறது? சரியாச் சொல்லு" என்று அதட்டினேன். கள்ளக்குறிச்சி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த தனபாக்கியம் எந்தக் குரலிலும் பேசக்கூடியவர். ஒருமுறை என் மாமியார் குரலில் பேசி, நாற்காலியில் இருந்த என்னை எழுந்து நிற்க வைத்தவர். மறுமுனையில் அந்தப் பெண் அழத் தொடங்கிய பிறகுதான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு விளையாடியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கப்பலில் வேலை பார்த்த தனபாக்கியத்தின் தம்பி வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஆங்கிலத்தில் விதிப்புத்தகமும் இருபது முகம் கொண்ட ஒரு பகடையும் இருந்தன. ஆளுக்கொரு பாத்திரமாகி ஒரு கதைக்குள் புகுந்து பேசி நடிக்கும் ஆட்டம் அது. கதையை நடத்துபவர் ஒருவர். வழியில் எதிர்ப்படும் காவல்காரன், வணிகன், அரசி எல்லாம் அவரே. எடுத்த காரியம் கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் கைகூடும். கான்வென்டில் படித்தவள் என்பதால் புத்தகத்தை வாசித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. ஆட்டத்தை நடத்தியவர் தனபாக்கியம். ஒரு முறத்தைச் செம்பில் சாய்த்து நிறுத்தி, அதன் பின்னால்தான் பகடையை உருட்டுவார். அந்த முறத்தின் மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதையில் வந்த ஒரு கோட்டை வாசலில் எங்களுக்குள் சண்டை வந்தது. கதவைத் திறக்கும்படி காவல்காரனிடம் நான் பேச வேண்டும். நன்றாகவே பேசினேன். தனபாக்கியம் பகடையை உருட்டிவிட்டு, "தொறக்கலைங்க டீச்சர்" என்றார்.

"இவ்வளவு பேசினேனே, அதுக்கு மதிப்பே இல்லையா?"

"ஜோராத்தான் பேசினீங்க. ஆனா அவன் இன்னாத்துக்குத் தொறக்கணும்? தொறந்தா வேலை பூடுமே. அதப் பத்தி ஒரு வார்த்த சொன்னீங்களா?"

அடுத்து என் கணவர் கனகசபையின் முறை. அவருக்குத் திக்குவாய். பேச்சு வேண்டாம், அவர் வாள் வீசட்டும் என்றேன். தனபாக்கியம் ஒப்பவில்லை.

"சாருக்கு நெசமாவே வாள் சுத்தத் தெரியுமா? அதுக்குப் பகடைய நம்பறோம் இல்ல? பேச்சுக்கும் அப்படித்தான். வாய் ஜாஸ்தி வேணாம் சார். அவனுக்கு இன்னா பயம், நீங்க இன்னா கேக்கறீங்க, அத மட்டும் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "அ...அவன் பேர் கெடக்கூடாது. எங்களைப் பி...பிடிச்சு உள்ள கொண்டுபோற மாதிரி கொ...கொண்டுபோகட்டும்."

முறத்துக்குப் பின்னால் பகடை உருண்டது. "பதினெட்டு! தொறந்துட்டான் சார்!"

அதன்பின் பேச்சு என்று வந்தால் என் கணவருக்கு நல்ல எண்ணாகவே விழுந்தது. நான் கவனித்துக்கொண்டிருந்தேன். எண்ணைச் சொல்லுமுன் தனபாக்கியம் பார்த்தது பகடையை அல்ல, அவர் முகத்தை. இரக்கப்பட்டு எண்ணைக் கூட்டிச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. என் கணவருக்கு யாருடைய இரக்கமும் தேவையில்லை.

"முறத்தை எடு தனம். நான் பார்க்கணும்."

"எடுத்தா ஆட்டம் முடிஞ்சிடும். இது இன்னா, போலீஸ் டேஷனா டீச்சர்?" எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் சாலைகள் அடைபட்டிருந்த நாட்களில் எனக்கு மூச்சுத்திணறல் முற்றியது. சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் மருத்துவர். சின்னசேலம் சாலையில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. சுற்றிலும் கையில் கல்லோடு ஆட்கள். எனக்குப் பேச்சே எழவில்லை. என் கணவர் காரிலிருந்து இறங்கினார்.

"யோவ், எங்க போய்க்கினு இருக்க? வண்டி வுடமாட்டோம்னு தெரியாது?"

அவர் வாயெடுத்தார். சொல் வரவில்லை.

"ரேடியோல ஸ்டேஷன் கெடைக்கல போலக்குது!" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

சிரிப்பு அடங்கும்வரை அவர் நின்றார். பிறகு முன்னால் நின்ற ஒருவரைப் பார்த்துச் சொன்னார். "உள்ள என் ச...சம்சாரத்துக்கு மூச்சு முட்டுது. பொ...பொய்யின்னு நெனச்சா நீங்களே ஏ...ஏறி வந்து பாருங்க. நீங்க அ...அனுப்பி வச்சதா இருக்கட்டும்."

அந்த ஆள் காருக்குள் குனிந்து என்னைப் பார்த்தார். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "நானே கூடப் போறன்டா. பொய்யா இருந்துச்சுன்னா வண்டி திரும்பி வராது" என்று சொல்லி முன்சீட்டில் ஏறினார். மரத்தைச் சுற்றி வயலோரமாகக் காரைத் தள்ளிக் கடத்தினார்கள். அடுத்தடுத்த தடைகளில் அவரே தலையை நீட்டிக் கத்தி வழி வாங்கினார். நான் பிழைத்தேன்.

சேலத்தில் படுக்கையில் இருந்தபடி, எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று கணவரைக் கேட்டேன். "பே...பேச்சில எனக்கு நல்ல எண் விழும்" என்றார், சாதாரணமாக.

அவர் காலமானபோது துக்கத்துக்கு வந்த தனபாக்கியத்தைத் தனியே அழைத்துக் கேட்டேன். "இப்பவாவது உண்மையைச் சொல்லு. பகடையில் என்ன விழுந்தது?"

"சாரு ஒரு நாளும் கேக்கலியே. நீங்க மட்டும் இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு எனக்குக் காப்பி கலக்கப் போய்விட்டார்.

அவரை நான் இன்றும் நம்பவில்லை. அவர் சொந்த ஊரான எலவனாசூர்கோட்டையில் காரியம் முடிந்த அன்று அவர் மகள் பகடையை என்னிடம் கொடுத்தாள். முறத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது என் மேசைமேல் முறம் நிற்கிறது. பகடை அதன் பின்னால் கிடக்கிறது. எந்த முகம் மேலே இருக்கிறது என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை.