தூணில்லாத கூடம்: அம்பாசமுத்திரம் போய்வந்த கதை

விடிகாலையில் கிழக்கே வால்நட்சத்திரம் நின்ற வருஷம் அது. சீமையில் ராஜா இறந்துபோனார் என்று பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் கோயிலில் மணி அடித்ததும் அந்தச் சமயத்தில்தான். 1910 என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு எழுத்து வராது. சொல்வது நான், எழுதித் தருவது வேறொருவர். புதுமாதிரி வீடு கட்ட நினைப்பவர்களும், ஆற்றோரத்துப் பழைய பங்களாக்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களும் இதைக் கேட்டுவிட்டுப் போகலாம்.

அம்பாசமுத்திரத்தில் நிலபுலன் உள்ள சங்கரலிங்கம் பிள்ளை கொழும்புக்குப் போய்வந்தவர். அங்கே ஒரு வீட்டில் தூணே இல்லாத கூடத்தைப் பார்த்திருக்கிறார். நடுவில் முற்றம் கிடையாது. வெளிச்சமெல்லாம் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான். அதேபோல ஊரில் சுவர் எழுப்பிவிட்டார். பதினெட்டு அடி அகலத்தைத் தூணில்லாமல் மூட மட்டும் ஆள் அகப்படவில்லை. பாளையங்கோட்டையில் அப்படி ஒரு பங்களாவை மூடியவர் என் அக்காள் புருஷன் தேவசகாயம் கொத்தனார். நான் அவருக்குச் சுண்ணாம்பு அரைக்கிறவன்.

வைகாசி பிறந்ததும் பிள்ளை வந்து அந்தப் பங்களாவைப் பார்த்தார். கூடத்தின் நடுவில் நின்று கையைத் தட்டினார். சத்தம் மேலே வளைவில் முட்டித் திரும்பிவந்தது. அதில் ஆள் மயங்கிவிட்டார்.

“எத்தனை நாளில முட்டு எடுத்தீரு வே?”

“இருபத்தொரு நாளு, ஐயா. மறுநாளு மேல யானையை ஏத்தலாம்.”

செங்கல் வளைவு காயும்வரை கீழிருந்து தாங்கும் மரங்களைத்தான் முட்டு என்போம். அதை எடுத்துவிட்டால் வளைவு தன் பலத்தில் நிற்க வேண்டும். வைக்கிற செங்கலைவிட இடையில் இருக்கிற சுண்ணாம்புதான் அதற்கு உயிர்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலியில் ரயில் ஏறினோம். அம்பாசமுத்திரத்துக்கு இருபத்திரண்டு மைல், ஆளுக்கு ஐந்தரை அணா. பிள்ளை வேறு பெட்டி. சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். மலை கிட்டே வந்துகொண்டே இருக்கும். வழியிலேயே கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, வாசலில் வண்ணக் கண்ணாடி வைத்த ஒரு புது வீட்டைப் பார்த்தோம். அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து, அம்பாசமுத்திரத்தைத் தாண்டி விக்கிரமசிங்கபுரம் போனோம். எட்டணா கேட்டு ஆறணாவுக்கு வந்தான் வண்டிக்காரன். அங்கே ஒரு வெள்ளைக்காரர் பங்களா. கூரை முழுக்கச் செங்குத்தான ஓடு.

“இத்தனை துட்டை வச்சுக்கிட்டு ஓட்டு வீட்டுலயா இருக்கான்?” என்றார் பிள்ளை.

வண்டிக்காரன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: “ஐயாவுக்குத் தெரியாததா? இங்கன ஆனியில சாரல் புடிச்சா கோமணமே காயாது. சுண்ணாம்பு எங்கன காயும்?”

அத்தான் சிரித்தார். நானும்தான். பாளையங்கோட்டைக்காரனுக்கு ஆனி என்றால் வெயிலும் புழுதியும். அந்த வெயிலை வைத்துத்தான் எங்கள் நாள் கணக்கெல்லாம்.

பிள்ளை வீட்டு வேலைக்கு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்தேன். ஆனி நாலாம் தேதி வளைவு மூடியது. ஆறாம் தேதி சாரல் பிடித்தது. மேலே ஓலை போட்டோம். ஓலைக்குக் கீழே காற்றே ஈரமாக இருந்தது. ஒரு நாள்கூட முழு வெயில் இல்லை. ஆடியில் புது வீடு புகமாட்டார்கள். பிள்ளையின் மகளுக்குத் தென்காசியில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பால்காய்ப்புக்கு வந்து வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனி இருபத்தெட்டில் பால்காய்ப்பு. இருபத்தைந்தில் முட்டு எடுப்பது.

அன்று காலை சாரத்தில் ஏறி, செங்கல் இடுக்கில் நகத்தை வைத்து அழுத்தினேன். வெண்ணெய்போல இறங்கியது.

“அத்தான், இன்னும் பச்சையா இருக்கு. வேண்டாம்.”

“ஏலே, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரி. நாளு சொன்னது நான்லா? இப்பம் மாட்டேன்னா நாளைக்கு எவன்லே என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?”

பிள்ளை வாசலில் நின்று கேட்டார்: “என்ன வே கொத்தனாரே, யானை ஏறுமா?”

அத்தான் பதில் சொல்வதற்குள் அவர் மகள் நிலைப்படியில் வந்து நின்றாள். “அப்பா, ஆவணிக்குத் தள்ளுனா என்ன? இந்த ஈரத்துல அந்த ஆளு உள்ள போணுமா?” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்த வீட்டுப் பெண்கள் வேலையாளிடம் வாய் திறக்கிற வழக்கமே கிடையாது. “சுண்ணாம்பு அரைச்சவரு நீருதானே? நீரே சொல்லும்.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“உள்ள போட்டீ” என்று பிள்ளை மகளை விரட்டினார்.

எங்கள் கொத்தனார்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டின கொத்தனாரே கடைசி முட்டு மரத்தை எடுக்க வேண்டும், அதுவும் வளைவுக்கு நேர்கீழே நின்று. கட்டினவனுக்கே நம்பிக்கை இல்லாத வீட்டில் யார் குடியிருப்பார்கள்? மற்ற முட்டுகளை எடுத்துவிட்டு நாங்கள் வெளியே வந்தோம். அத்தான் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மரச்சுத்தியலோடு உள்ளே போனார். இரண்டு தட்டு கேட்டது. பிறகு ஈரமூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். காய்ந்த சுவர் விழுந்தால் புழுதி எழும்பும். அன்று புழுதியே எழும்பவில்லை.

உடலைத் தோண்டி எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. வண்டியில் வைக்கோல் பரப்பி, இருபத்திரண்டு மைலும் பக்கத்தில் உட்கார்ந்தே கொண்டுவந்தேன். நகம் இறங்கியதை அக்காளிடம் நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அவளும் போய்ச் சேர்ந்தாயிற்று.

தென்காசிக்காரர்கள் வரவில்லை. ஆள் விழுந்த வீட்டில் பெண் எடுக்க வேறு யாரும் வரவில்லை. பிள்ளை நான்கு கல்தூண் நிறுத்தி, தேக்கு உத்திரம் போட்டு மூடினார். அதே கூடத்தில் படுத்துத்தான் இறந்தார்.

அந்த வீடு இன்னும் இருக்கிறது. இப்போது திருநெல்வேலியிலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. ஒன்றரை மணி நேரம். நிலையத்திலிருந்து ஆற்றுப் பக்கமாக அரை மைல் நடக்க வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் கண்ணாடி நிறமெல்லாம் தரையில் விழுவதைப் பார்க்கலாம். நல்ல வீடுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நீங்கள் கட்டுவதாக இருந்தால், மலையடிவாரத்தில் வைகாசிக்குப் பிறகு சுண்ணாம்பைத் தொடாதீர்கள். வேறு ஊரில் எண்ணிய நாளை இங்கே எண்ணாதீர்கள். அரைத்தவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்; நாலு பேர் முன்னால் அவன் சொல்லமாட்டான்.

அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள், திறக்க வருகிறவருக்கு நடை தளர்ந்துவிட்டது. அன்று அந்த வாசலில் நின்றவர்களில் என்னைத் தவிர இப்போது உயிரோடு இருப்பது ஒருவர்தான். பிள்ளையின் மகள், செண்பகவல்லி.